ஒரு நகரத்தின் மக்கள்தொகையை வாசிப்பது எப்படி: நகர்த்திரளும் மக்கள் பரவலும்

சென்னையில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக்கொண்டே மூன்று விடைகள் சொல்லலாம். மாநகராட்சியின் அன்றைய எல்லைக்குள் 46,46,732 பேர் வாழ்ந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லையை அந்தக் கணக்கின் மேல் பொருத்திப் பார்த்தால் சுமார் 67 லட்சம் பேர் வருகிறார்கள். சென்னை நகர்த்திரள் என்று, அதாவது மாநகராட்சியும் அதை ஒட்டித் தொடரும் ஊர்களும் சேர்ந்த நகர்ப்பரப்பு என்று, கணக்கெடுப்புத் துறை வகுத்த பரப்புக்குள் 86,53,521 பேர் இருந்தார்கள். மூன்றுமே சரியான எண்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, வேறொரு நகரத்தின் வேறு வகை எண்ணோடு சேர்த்து வைத்து ஒப்பிடும்போதுதான் பிழை நேர்கிறது. செய்திக் கட்டுரைகளிலும் போட்டித்தேர்வுக் கையேடுகளிலும், சில சமயம் திட்ட அறிக்கைகளிலும்கூட, இந்தப் பிழையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். குடிநீர்த் திட்டமும் பேருந்துத் தடமும் மருத்துவமனைப் படுக்கைகளும் இந்த எண்களை நம்பித்தான் கணக்கிடப்படுகின்றன என்பதால், இதைச் சிறு பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

மாணவர்கள், செய்தியாளர்கள், உள்ளாட்சிப் பணியில் இருப்பவர்கள் ஆகியோர் இந்தியாவின் நகர்த்திரள் புள்ளிவிவரங்களையும் மக்கள் பரவலையும் தாங்களாகவே எடுத்து வாசித்துக் கணக்கிட இந்த வழிகாட்டி உதவும். கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும் அட்டவணைகளும், பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த ஒரு கைப்பேசியும் போதுமானவை.

நகரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணக்கெடுப்பு ஆவணங்களில் நகரம் என்ற ஒரே சொல்லின் கீழ் இரண்டு வகை ஊர்கள் உள்ளன. முதல் வகை சட்டபூர்வ நகரம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கண்டோன்மென்ட் வாரியம் என்று மாநில அரசோ மத்திய அரசோ சட்டப்படி அறிவித்த ஊர்கள் எல்லாம், அங்கே உள்ளவர்கள் உழுது பிழைத்தாலும் ஆலையில் வேலை செய்தாலும், இந்த வகையில் சேரும். இரண்டாம் வகை கணக்கெடுப்பு நகரம். பேச்சுவழக்கில் இதைச் சென்சஸ் டவுன் என்கிறார்கள். குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் என்ற அடர்த்தி, முதன்மைத் தொழிலாளர்களான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்த) ஆண்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத வேலையில் இருப்பது ஆகிய மூன்று நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் ஊரைக் கணக்கெடுப்புத் துறை நகரமாக எண்ணிக்கொள்கிறது. ஆனால் நிர்வாகத்தைப் பொறுத்தவரை அந்த ஊர் ஊராட்சியாகவே நீடிக்கிறது.

இந்த இரண்டாம் வகையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2001-இல் 1,362 கணக்கெடுப்பு நகரங்கள் இருந்தன. 2011-இல் அந்த எண்ணிக்கை 3,890-ஐத் தாண்டியது. அதே பத்தாண்டில் சட்டபூர்வ நகரங்கள் 3,799-லிருந்து 4,041-ஆக மட்டுமே உயர்ந்தன. அதாவது, நகரங்களின் எண்ணிக்கையில் ஏற்பட்ட உயர்வில் மிகப் பெரும்பகுதி, எந்த அரசாணையும் இல்லாமல், ஊர்களின் தொழிலும் நெருக்கமும் மாறியதால் வந்தது. நான் வசிக்கும் புறநகர்ப் பகுதியும் இப்படிப்பட்டதுதான்: அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன, வயல்கள் மறைந்துவிட்டன, ஆனாலும் குப்பை அள்ளுவதற்கும் கழிவுநீருக்கும் ஊராட்சி அலுவலகத்தையே நாட வேண்டியிருக்கிறது. புள்ளிவிவரத்தில் நகரமாகவும் நிர்வாகத்தில் கிராமமாகவும் இருக்கும் இத்தகைய ஊர்களை அட்டவணையில் அடையாளம் காணப் பழகிக்கொள்வது, இந்த வாசிப்பில் முதலில் கைவர வேண்டிய திறமை.

சட்டபூர்வ நகரம் என்ற வகையையும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2004-இல் பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் பேரூராட்சிகளாயின. அந்த இரண்டு ஆண்டுகளில் அந்த ஊர்களின் தெருக்களிலோ மக்களின் தொழிலிலோ பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை; ஆணை மாறியது, வகை மாறியது. 2011-இல் தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் வாழ்ந்தார்கள் என்று படிக்கும்போது, மாநிலத்தில் இருந்த 721 சட்டபூர்வ நகரங்களில் பெரும்பாலானவை பேரூராட்சிகள் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். பேரூராட்சி என்ற அமைப்பைத் தாராளமாகக் கையாளாத மாநிலத்தோடு இந்த விழுக்காட்டை அப்படியே ஒப்பிட்டால், ஆளும் முறையில் உள்ள வேறுபாட்டை வாழ்க்கை முறையின் வேறுபாடாக எடுத்துக்கொண்டுவிடுவோம்.

நகர்த்திரள் எப்படி உருவாகிறது

ஒரு நகரமும் அதை ஒட்டிய புறவளர்ச்சிப் பகுதிகளும் சேர்ந்தோ, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகரங்கள் சேர்ந்தோ உருவாகும் தொடர்ச்சியான நகர்ப்பரப்பே நகர்த்திரள். பாடநூல்கள் இதற்கு வெவ்வேறு சொற்களைக் கையாளுகின்றன. ஆவணங்களில் அர்பன் அக்ளோமரேஷன் என்று இருக்கும். அதில் ஒரு சட்டபூர்வ நகரமாவது இருக்க வேண்டும் என்பதும், 2001 கணக்கின்படி எல்லா உறுப்புகளும் சேர்ந்து 20,000 பேருக்குக் குறையக் கூடாது என்பதும் 2011-இல் பின்பற்றப்பட்ட விதிகள். புறவளர்ச்சிப் பகுதி என்பது நகர எல்லைக்கு வெளியே, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் அமைந்திருந்தாலும், நகரத்தோடு ஒட்டி வளர்ந்த ரயில்வே குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம், துறைமுகப் பகுதி போன்றவற்றைக் குறிக்கும். 1961-இல் நகரக் குழுமம் என்ற கருத்து பயன்பட்டது; 1971 முதல் நகர்த்திரள் என்ற கருத்து நடைமுறைக்கு வந்தது. 2001-இல் 384 ஆக இருந்த நகர்த்திரள்கள் 2011-இல் 475 ஆயின.

இந்த வரையறையின் உயிர் தொடர்ச்சி என்ற சொல்லில் இருக்கிறது. கட்டடங்களும் தெருக்களும் இடையறாமல் தொடர்கின்றனவா என்பதே கேள்வி. மக்கள் தினமும் எங்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்பது இங்கே கணக்கில் வராது. அமெரிக்காவில் பெருநகரப் பகுதியை வகுக்கும்போது வேலைக்குச் சென்று திரும்புவோரின் விகிதத்தையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். இந்தியாவிலோ, ஒவ்வொரு நாளும் மின்சார ரயிலில் வந்து போகும் ஆயிரக்கணக்கானோரின் ஊர், நடுவில் வயல்வெளி குறுக்கிட்டால் திரளுக்கு வெளியே நின்றுவிடும். எனவே நகர்த்திரள் எண்ணை நகரத்தின் பொருளாதார வீச்சு என்று எழுதாதீர்கள். அது கட்டப்பட்ட பரப்பின் வீச்சு மட்டுமே.

நகர்த்திரளைப் பெருநகரப் பகுதியோடு குழப்பிக்கொள்வதும் பரவலான பிழை. அரசமைப்புச் சட்டத்தின் 243-பி (243P) பிரிவின்படி பெருநகரப் பகுதி என்பது பத்து லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்களைக் கொண்டதாகவும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நகராட்சிகளையோ ஊராட்சிகளையோ உள்ளடக்கியதாகவும், ஆளுநரின் அறிவிக்கையால் குறிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இது தவிர, திட்டமிடலுக்காகத் தனிச் சட்டத்தின் கீழ் வரையப்படும் பகுதிகளும் உண்டு. சென்னைப் பெருநகர்ப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திட்டமிடுபவர்கள் நாளைய வளர்ச்சியையும் உள்ளடக்கிக் கோடு போடுகிறார்கள். கணக்கெடுப்பவர்கள் இன்று நிற்கும் கட்டடங்களைப் பார்த்துக் கோடு போடுகிறார்கள்.

அட்டவணையைத் திறந்து வரிசையைப் படிக்கும் முறை

2011 கணக்கெடுப்பின் ஏ-4 அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். நகர்த்திரள்களும் நகரங்களும் மக்கள்தொகை வகுப்பின்படி அதில் அடுக்கப்பட்டு, 1901 முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவற்றின் மக்கள்தொகை எவ்வளவு என்பதும் தரப்பட்டிருக்கும். ஒரு லட்சமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு. 5,000-க்கும் கீழே இருந்தால் ஆறாம் வகுப்பு. நகர்த்திரளின் பெயருக்கு எதிரே யு.ஏ. என்ற குறி இருக்கும். அதன் உறுப்புகளுக்கு எதிரே மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கணக்கெடுப்பு நகரம், புறவளர்ச்சி ஆகியவற்றுக்கான சுருக்கக் குறிகள் இருக்கும். குறியைப் பார்க்காமல் எண்ணை எழுதிக்கொள்ளவே கூடாது.

சென்னையை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2001-இல் மாநகராட்சியில் 43,43,645 பேரும் நகர்த்திரளில் 65,60,242 பேரும் இருந்தார்கள். 2011-இல் மாநகராட்சி 46,46,732 ஆகவும் நகர்த்திரள் 86,53,521 ஆகவும் உயர்ந்தன. மாநகராட்சியின் பத்தாண்டு வளர்ச்சி 7 விழுக்காடு. நகர்த்திரளின் வளர்ச்சி 32 விழுக்காடு. இரண்டையும் கழித்து, மாநகராட்சிக்கு வெளியே உள்ள பகுதியைத் தனியே எடுத்தால், 22,16,597 பேர் என்பது 40,06,789 ஆக, அதாவது 81 விழுக்காடு உயர்ந்திருப்பது தெரியும். வளர்ச்சி எங்கே நடந்தது என்பதை இந்த ஒரு கழித்தல் கணக்கு சொல்லிவிடுகிறது: அம்பத்தூரிலும் ஆவடியிலும் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும், அவற்றுக்கும் அப்பால் உள்ள ஊர்களிலும்.

ஆனால் இங்கே நின்று ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். 2001-இல் திரளில் இல்லாத ஊர்கள் 2011-இல் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா? சேர்க்கப்பட்டிருந்தால், அந்த 81 விழுக்காட்டின் ஒரு பகுதி மக்கள் பெருக்கம், மற்றொரு பகுதி எல்லைப் பெருக்கம். அவ்விரண்டையும் பிரிக்க, 2011 உறுப்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஊரின் பெயரையும் 2001 பட்டியலில் தேட வேண்டும். அங்கே இல்லாத ஊரை 2001 மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் கிராமப் பட்டியலில் தேடி, அதன் அன்றைய மக்கள்தொகையை எடுத்து, 2001 நகர்த்திரள் எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தபின் கிடைக்கும் வளர்ச்சி விகிதம்தான் ஒரே எல்லைக்குள் நடந்த உண்மையான வளர்ச்சி. இது ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் வேலை. ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஒரு கணக்கெடுப்புக்கும் மற்றொன்றுக்கும் மாறியிருக்கும் என்பதால் பொறுமையும் வேண்டும். இருந்தாலும் இதைச் செய்யாமல் புறநகர் வளர்ச்சி வேகத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது என்றே நான் கருதுகிறேன்.

அடர்த்திக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய சென்னை மாநகராட்சி 175 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தபோது அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். 426 சதுர கிலோமீட்டராக விரிந்த எல்லையை வைத்து அதே 2011 மக்களைக் கணக்கிட்டால் 16,000-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு மனிதரும் இடம்பெயரவில்லை, ஒரு வீடும் இடிக்கப்படவில்லை. 2011-க்குப் பிந்தைய எண்ணையும் முந்தைய எண்ணையும் அருகருகே வைத்துச் சென்னையில் நெரிசல் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அவர்கள் பரப்பளவைக் கவனிக்கவில்லை என்று பொருள்.

கொல்கத்தாவும் மும்பையும் இன்னும் தெளிவாகக் காட்டும். கொல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை 2001-இல் 45,72,876 ஆக இருந்து 2011-இல் 44,96,694 ஆகக் குறைந்தது. ஆனால் கொல்கத்தா நகர்த்திரள் 1.32 கோடியிலிருந்து 1.41 கோடியாக வளர்ந்தது. ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் ஹௌரா உட்படச் சணல் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீளும் பரப்பு அது. மாநகராட்சிக்குள் வாழ்பவர்கள் திரளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மும்பையில் நிலைமை வேறு. 1.84 கோடிப் பேர் கொண்ட நகர்த்திரளில் 1.24 கோடிப் பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர், மாநகராட்சிக்குள்ளேயே வாழ்ந்தார்கள். தாணே, கல்யாண்-டோம்பிவிலி, நவி மும்பை ஆகியவை திரளுக்குள் வந்தன. புறநகர் ரயில் தடத்திலேயே இருக்கும் வசை-விரார் மட்டும் 12 லட்சம் மக்களோடு தனி நகரமாக எண்ணப்பட்டது. நகரின் மையம் தேய்கிறது என்று கொல்கத்தா மாநகராட்சியின் எண்ணை மட்டும் வைத்து எழுதினால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

மாநில எல்லையில் நிற்கும் கோடு

இந்திய நகர்த்திரள்கள் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. தில்லி நகர்த்திரளின் 2011 மக்கள்தொகை 1,63,49,831. இதில் ஹரியானாவில் உள்ள குருகிராமமும் ஃபரிதாபாத்தும் இல்லை, உத்தரப் பிரதேசத்தில் உள்ள நொய்டாவும் காஜியாபாத்தும் இல்லை. தெருவைக் கடந்தால் அடுத்த மாநிலம் என்று இருக்கும் இடங்களிலும் கோடு அங்கேயே நின்றுவிடுகிறது. ஐ.நா. அவையின் மதிப்பீடு இந்த அண்டை நகரங்களையும் சேர்த்துக்கொண்டு 2018-இல் தில்லிக்கு ஏறத்தாழ 2.85 கோடி என்று கூறியது. ஏழு ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேல் கூடிவிட்டது என்று அதைப் படிக்கக் கூடாது. இரண்டும் வெவ்வேறு பரப்புகள். மொஹாலியும் பஞ்ச்குலாவும் சண்டிகர் நகர்த்திரளுக்கு வெளியே நிற்பதும், புதுச்சேரியை ஒட்டிய தமிழ்நாட்டுக் கோட்டக்குப்பம் புதுச்சேரித் திரளில் சேராததும் இதே விதியால்தான்.

அளவுகோல் மாறினால் உலகத் தரவரிசையே மாறும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. நெடுங்காலமாக உலகின் மிகப் பெரிய நகரமாகப் பட்டியலிடப்பட்டுவந்த டோக்கியோ, ஐ.நா. அவையின் 2025 அறிக்கையில் ஜகார்த்தாவுக்கும் டாக்காவுக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்கு வந்தது. டோக்கியோ திடீரெனச் சுருங்கிவிடவில்லை. நாட்டுக்கு நாடு வேறுபட்ட வரையறைகளை விட்டு, எல்லா நாடுகளுக்கும் ஒரே அடர்த்தி அளவுகோலைப் பயன்படுத்தியதே முக்கியக் காரணம். ஆகவே எந்தத் தரவரிசையை மேற்கோள் காட்டினாலும், எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எந்த வகை எல்லை என்ற மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேரளத்தைத் தனியே படியுங்கள்

நகர்த்திரள் அட்டவணையை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் திகைப்பது கேரளத்தில்தான். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட 53 நகர்த்திரள்களிலும் நகரங்களிலும் ஏழு, பரப்பளவில் சிறிய அந்த மாநிலத்தில் உள்ளன. கண்ணூர் நகராட்சியில் 2011-இல் 56,823 பேர் மட்டுமே இருந்தார்கள். கண்ணூர் நகர்த்திரளிலோ 16,40,986 பேர். பெயர் கொடுத்த ஊரில் வாழ்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. மதுரை நகர்த்திரளின் 14.65 லட்சத்தை இதனோடு ஒப்பிட்டுக் கண்ணூர் மதுரையைவிடப் பெரிய நகரம் என்று எழுதினால், இரண்டு ஊர்களையும் பார்த்தவர்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதற்குக் காரணம் குடியிருப்பு முறையில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஊர் என்றால் வீடுகள் ஓரிடத்தில் நெருங்கியிருக்கும், அடுத்த ஊர் வரை வயல் இருக்கும். கேரளத்தில் வீடும் தோட்டமும் கிணறுமாக ஒவ்வொரு குடும்பமும் தன் மனையில் வாழ்கிறது. சாலையோரம் எங்கும் வீடுகள் தொடர்கின்றன, ஊர் எங்கே முடிகிறது என்று சொல்வது கடினம். அங்குள்ள ஆண்கள் வேளாண்மையை விட்டு வணிகத்துக்கும் வெளிநாட்டு வேலைக்கும் சேவைத் தொழில்களுக்கும் நகர்ந்தபோது, அடர்த்தியும் மக்கள்தொகையும் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருந்ததால், ஊராட்சிகள் வரிசையாகக் கணக்கெடுப்பு நகரங்களாயின. 2001-இல் 99 ஆக இருந்த கணக்கெடுப்பு நகரங்கள் 2011-இல் 461 ஆயின. மாநிலத்தின் நகர்ப்புற விழுக்காடு 26-லிருந்து 47.7-க்கு உயர்ந்தது. அந்த மக்கள் ஊரை விட்டு நகரத்துக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே நகரம் என்ற வகைக்குள் வந்தார்கள். எனவே ஒரு நகர்த்திரளை ஒப்பிடுவதற்கு முன், மைய நகரத்தின் பங்கு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுக்கொள்வது நல்ல பழக்கம். சென்னையில் அது 54, மும்பையில் 68, கொல்கத்தாவில் 32, கண்ணூரில் 3.5.

ஒரே நகரம் மாநிலத்தை விழுங்குகிறதா

மக்கள் பரவலை மதிப்பிட எளிய அளவு ஒன்று உண்டு. மாநிலத்தின் மிகப் பெரிய நகர்த்திரளை இரண்டாவது பெரிய நகர்த்திரளால் வகுத்துப் பாருங்கள். மேற்கு வங்கத்தில் கொல்கத்தா, இரண்டாவதான ஆசன்சோலைப் போல் 11 மடங்கு. மாநில நகர்ப்புற மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த ஒரே திரளில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை, 21 லட்சம் பேர் கொண்ட கோயம்புத்தூரைப் போல் 4 மடங்கு, மாநிலத்தின் 3.49 கோடி நகர்ப்புற மக்களில் நான்கில் ஒருவர் சென்னைத் திரளில் வாழ்ந்தார். குஜராத்தில் அகமதாபாத், சூரத்தைப் போல் 1.4 மடங்கு மட்டுமே. கேரளத்தில் கொச்சியும் கோழிக்கோடும் கிட்டத்தட்டச் சமம். நாடு முழுமைக்கும் பார்த்தால் மும்பை, தில்லியைப் போல் 1.13 மடங்குதான், இந்தியா ஒரே தலைநகரில் குவிந்த நாடு அல்ல. நாட்டளவில் பரவலாகவும் மாநில அளவில் குவிந்தும் இருக்கும் இந்த இரட்டைத் தன்மையைக் கவனியுங்கள். நாட்டுக்கான விகிதத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு மேற்கு வங்கத்தின் குவிப்பு கண்ணில் படவே படாது.

அடர்த்தியைக் கணக்கிடும்போது

2011-இல் இந்தியாவின் சராசரி அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 382 பேர். பீகாரில் 1,106, தமிழ்நாட்டில் 555, அருணாச்சலப் பிரதேசத்தில் 17. அடர்த்தி மிகுந்த இடம்தான் நகரமயமான இடம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பீகாரில் நகர்ப்புறத்தில் வாழ்ந்தவர்கள் 11.3 விழுக்காடு மட்டுமே. அடர்த்தி 52 மட்டுமே உள்ள மிசோரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நகர்ப்புறத்தில் வாழ்ந்தார்கள். கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணும் நிலத்தடி நீரும் கிராமங்களிலேயே மக்களை நெருக்கமாகத் தாங்கின. மிசோரத்தின் மலைகளில் மக்கள் ஐசால் போன்ற சில மலைமுகட்டு ஊர்களில் கூடினார்கள். அடர்த்தி ஒரு கேள்விக்கும் நகர்ப்புற விழுக்காடு வேறொரு கேள்விக்கும் விடை சொல்கின்றன.

மாநிலச் சராசரி இன்னொரு வகையிலும் தவறான எண்ணம் தரும். ராஜஸ்தானில் ஜெய்சால்மர் மாவட்டம் 38,401 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6,69,919 பேரைக் கொண்டது; அடர்த்தி 17. ஜெய்ப்பூர் மாவட்டம் 11,143 சதுர கிலோமீட்டரில் 66,26,178 பேரைக் கொண்டது, அடர்த்தி 595. இரண்டையும் சேர்த்து மக்களைப் பரப்பால் வகுத்தால் 147 வரும். ஆனால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் 147 என்ற அடர்த்தியில் வாழும் மாவட்டம் எதுவுமே இல்லை. இதற்குப் பதிலாக, ஒவ்வொரு மாவட்டத்தின் அடர்த்தியையும் அதன் மக்கள்தொகையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். அப்போது ஏறத்தாழ 542 வரும். நிலத்தின் சராசரி 147. அங்கே வாழும் ஒரு மனிதர் தன்னைச் சுற்றி உணரும் சராசரி நெருக்கம் 542. பள்ளி, மருத்துவமனை, குடிநீர் பற்றிப் பேசும்போது இரண்டாவது எண்ணே பொருத்தமானது. சாலை நீளமும் மின்கம்பி நீளமும் கணக்கிடும்போது முதலாவது எண் தேவைப்படும். மாவட்டத்துக்குப் பதிலாக வட்டம் அல்லது வார்டு அளவில் இதைச் செய்தால் விடை இன்னும் நுட்பமாக இருக்கும். எந்த அலகில் செய்தீர்கள் என்பதை மட்டும் மறக்காமல் குறிப்பிடுங்கள், ஏனென்றால் அலகு சிறிதாக ஆக இந்த எண் பெரும்பாலும் உயர்ந்துகொண்டே போகும்.

ஆண்டைச் சரிபாருங்கள்

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், மேலே தந்த எண்கள் பெரும்பாலும் 2011-ஐச் சேர்ந்தவை. அடுத்த கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் மாதம் வெளியானது. நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு இணையத்தில் கிடைக்கும் நகர மக்கள்தொகை எண்கள் எல்லாம் மதிப்பீடுகளே. அவற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் மதிப்பீடு என்ற சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். பழைய வளர்ச்சி விகிதத்தை அப்படியே நீட்டிப் போட்ட எண்களை நம்பாதீர்கள். 2001 முதல் 2011 வரை சென்னைத் திரள் வளர்ந்த 32 விழுக்காட்டில் எல்லைச் சேர்க்கையும் கலந்திருக்கலாம் என்று மேலே பார்த்தோம், அதை நீட்டினால் அந்தக் கலப்பும் சேர்ந்தே நீளும்.

ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் முன்பாக நிர்வாக எல்லைகள் ஒரு குறிப்பிட்ட நாளோடு உறையவைக்கப்படுகின்றன. 2011 கணக்கெடுப்புக்கு அந்த நாள் 2009 டிசம்பர் 31. இதனால்தான் 2011 அட்டவணையில் அம்பத்தூர் 4,66,205 பேரோடு தனி நகராட்சியாக இருக்கிறது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. 2019-இல் ஆவடியும் 2021-இல் தாம்பரமும் தனி மாநகராட்சிகளாயின. புதிய அட்டவணை வரும்போது இந்தப் பெயர்களுக்கு எதிரே உள்ள குறிகள் மாறியிருக்கும், சில பெயர்கள் காணாமல் போயிருக்கும், பழைய பெயரிலேயே பெரிதாகிவிட்ட எல்லைகளும் இருக்கும்.

அதற்கு இப்போதே ஆயத்தமாகலாம். உங்கள் ஊர் சேர்ந்திருக்கும் நகர்த்திரளின் 2011 உறுப்புப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வகை, பரப்பளவு, 2001 மக்கள்தொகை, 2011 மக்கள்தொகை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதாக ஒரு கட்டத்தை விட்டு, 2011-க்குப் பிறகு அந்த ஊர் எந்த மாநகராட்சியிலோ நகராட்சியிலோ இணைக்கப்பட்டது என்பதை அரசிதழ் அறிவிக்கையைப் பார்த்து நிரப்புங்கள். பட்டியலில் இல்லாத, ஆனால் இன்று உங்கள் தெருவோடு வீடுகள் தொடர்ந்து நிற்கும் ஊராட்சிகளின் பெயர்களைத் தாளின் அடியில் தனியே எழுதி வையுங்கள். புதிய கணக்கு வெளியாகும் நாளில் முதலில் தேட வேண்டியவை அந்தப் பெயர்கள்தான்.